கஃப்புக்கு மேலே தேங்கும் எச்சில்: வென்டிலேட்டர் நிமோனியாவைத் தடுக்க ஊழியர்களைப் பழக்குவது எப்படி?

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு நிமோனியா வந்துவிட்டது என்றால் எல்லோருடைய பார்வையும் முதலில் இயந்திரத்தின் மேல்தான் போகும். குழாய் சுத்தமில்லையோ, ஃபில்டர் மாற்றவில்லையோ என்று தேடுவார்கள். ஆனால் கிருமி பெரும்பாலும் இயந்திரத்திலிருந்து வருவதில்லை. நோயாளியின் சொந்த வாயிலும் தொண்டையிலும் பெருகி, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குள் இறங்குகிறது. இந்த ஒன்று ஊழியர்களின் மனதில் பதிந்துவிட்டால் மற்றப் பயிற்சி பாதி சுலபமாகிவிடும். பதியாவிட்டால் எத்தனை செக்லிஸ்ட் ஒட்டினாலும் டிக் மட்டும்தான் விழும்.

மூச்சுக்குழாயில் டியூப் போட்டு 48 மணி நேரம் கடந்த பிறகு புதிதாக வரும் நிமோனியாவைத்தான் வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா, சுருக்கமாக விஏபி என்கிறோம். புதிதாகக் காய்ச்சல், சளி கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ அதிகம் வருவது, எக்ஸ்ரேயில் புதிய நிழல், நேற்று 40 சதவீத ஆக்சிஜன் போதும் என்றிருந்தவருக்கு இன்று 60 தேவைப்படுவது ஆகியவை சேர்ந்து வரும்போது சந்தேகம் எழுகிறது. நாள் கணக்கில் பார்த்தால் முதல் 5 நாட்களில்தான் ஆபத்து அதிகம். அதன்பின் அன்றாட ஆபத்து மெல்லக் குறைந்தாலும், டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் மொத்த ஆபத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஆகவே தடுப்பு வேலை டியூப் போட்ட நிமிடத்திலேயே தொடங்குகிறது. மறுநாள் ரவுண்ட்ஸில் அல்ல.

டியூப் எதைக் கெடுக்கிறது?

நல்ல உடல்நிலையில் இருப்பவர் தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் உள்ளே போனாலும் இருமிவிடுவார். குரல்வளை மூடிக்கொள்ளும், மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய முடிகள் சளியை மேலே தள்ளும். டியூப் போட்டதும் இந்த மூன்று காவலும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. குரல்வளை எந்நேரமும் திறந்தே இருக்கிறது. தூக்க மருந்து இருமலை அடக்குகிறது. விழுங்கவும் முடியாததால் எச்சில், மூக்குச் சளி, சில சமயம் வயிற்றிலிருந்து ஏறி வரும் திரவம் எல்லாம் கீழிறங்கி டியூபின் கஃப்புக்கு, அதாவது அதன் கீழ் முனையருகே காற்று ஏற்றி மூச்சுக்குழாயை அடைக்கும் சிறு பலூனுக்கு மேலே குட்டை போலத் தேங்குகின்றன.

அந்தக் குட்டை சில மில்லிதான். ஆனால் ஐசியூவில் சேர்ந்த சில நாட்களிலேயே நோயாளியின் வாயில் வாழும் கிருமிகள் மாறிவிடுகின்றன. வழக்கமான கிருமிகளின் இடத்தை கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெடோபாக்டர் போன்றவை பிடித்துக்கொள்கின்றன. டியூபின் உட்சுவரிலும் கிருமிகள் வழவழப்பான படலமாகப் படிகின்றன. சளியை உறிஞ்சும் மெல்லிய குழாயான சக்ஷன் கதீட்டர் உரசும்போது அந்தப் படலம் துணுக்குகளாகப் பெயர்ந்து கீழே விழும்.

இதை வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது மேல். 20 மில்லி சிரிஞ்சின் உள்தண்டை உருவிவிட்டு வெறும் உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்விட்டம் பெரியவர்களின் மூச்சுக்குழாய்க்கு ஏறக்குறையச் சமம். அதற்குள் 7.5 அல்லது 8 அளவு (உள்விட்டம், மில்லிமீட்டரில்) டியூபை நுழைத்து, கஃப்பில் காற்று ஏற்றி, அழுத்தத்தை 25 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் வையுங்கள். உருளையை நிமிர்த்திப் பிடித்து, கஃப்புக்கு மேலே 5 மில்லி சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். இனி யாரும் எதுவும் பேச வேண்டாம், பார்த்தால் போதும். காற்று ஏறிய கஃப் சுவரோடு முழுதாக ஒட்டுவதில்லை. அதன் மெல்லிய தோலில் நெடுக்குவாட்டில் மடிப்புகள் விழுகின்றன. அந்த மடிப்பு வழியே சாயம் நூல் போல இறங்கி, அடியில் சொட்டத் தொடங்குகிறது. அழுத்தத்தை 15-க்குக் குறைத்தால் சொட்டு ஓட்டமாகிறது. டியூபை இலேசாக ஆட்டினால், அதாவது நோயாளியைப் புரட்டும்போது நடப்பதைச் செய்தால், இன்னும் வேகமாக வடிகிறது.

இந்த ஐந்து நிமிடக் காட்சி இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. கஃப் அழுத்தம் முக்கியம். ஆனால் அழுத்தம் சரியாக இருந்தாலும் கஃப்பை மட்டும் நம்ப முடியாது. எனவேதான் குட்டை உருவாவதைக் குறைக்க வேண்டும், உருவானதை உறிஞ்சி எடுக்க வேண்டும், டியூபையே சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். கீழே வரும் எல்லா வேலையும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான்.

கஃப் அழுத்தம்

வைத்திருக்க வேண்டிய அளவு 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம். 20-க்குக் கீழே போனால் கசிவு. 30-க்கு மேலே போனால் மூச்சுக்குழாயின் உட்சவ்வுக்குப் போகும் ரத்த ஓட்டம் நசுங்கிப் புண்ணாகும். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருமுறையாவது, கூடவே நோயாளியைப் புரட்டிய பிறகும் ஸ்கேனுக்குக் கொண்டுபோய் வந்த பிறகும் பார்க்க வேண்டும்.

இங்கே மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, கஃப்போடு இணைந்து வெளியே தொங்கும் சிறு பைலட் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்வது. அனுபவசாலிகளின் விரலும் இதில் ஏமாறும்; அழுத்தம் அளக்கும் மானி (மேனோமீட்டர்) இல்லாமல் அளவு தெரியாது. இரண்டாவது, எல்லோருக்கும் 10 மில்லி காற்று என்று கணக்கு வைப்பது. மூச்சுக்குழாய் ஆளுக்கு ஆள் வேறுபடும், தேவையான காற்றும் வேறுபடும். மூன்றாவது அவ்வளவாகப் பேசப்படாதது: அலகுக் குழப்பம். சில மானிகள் பாதரச மில்லிமீட்டரில் காட்டும். அதில் 30 என்று வைத்தால் உண்மையில் அது 40 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தைத் தாண்டிவிடும். பயிற்சியில் ஒவ்வொருவரும் தங்கள் வார்டில் இருக்கும் அதே மானியை எடுத்து, முகப்பில் எந்த அலகு என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

இன்னொன்று. மானியை இணைக்கும்போதே கொஞ்சம் காற்று அதன் குழாய்க்குள் போய்விடுவதால், அளக்கும் செயலே அழுத்தத்தைக் குறைக்கிறது. எண்ணைப் படித்துவிட்டு அப்படியே கழற்றினால் நோயாளி முன்பைவிடக் கசிவான கஃப்போடு இருப்பார். படித்த பின் 25 முதல் 30-க்குள் திருத்தி வைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கஃப்பில் காற்று ஏற்றுவதற்கு முன்பும் இறக்குவதற்கு முன்பும் வாயையும் தொண்டையையும் உறிஞ்சிவிட வேண்டும் என்பது தனியாகச் சொல்லத் தேவையில்லாத அளவுக்குப் பழக்கமாக வேண்டும்.

மூன்று நாளுக்கு மேல் டியூப் தேவைப்படும் என்று தெரிந்தால், கஃப்புக்கு மேலே தனி உறிஞ்சு துளை உள்ள டியூபைப் போடலாம். அது குட்டையை நேரடியாக வடிக்கிறது. அந்தத் துளை அடைத்துக்கொண்டால் பயனில்லை என்பதால், வடிகிறதா என்று பார்ப்பதும் ஷிப்ட் வேலையில் சேர வேண்டும்.

தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை

மட்டமாகப் படுத்திருந்தால் வயிற்றில் உள்ளது மேலேறுவது சுலபம். 1999-இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றில் மட்டமாகப் படுக்க வைத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும், தலையும் நெஞ்சும் 45 பாகை உயர்ந்திருந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் மருத்துவமனை நிமோனியா என்ற சந்தேகம் எழுந்தது. 86 பேர் மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது. எண்ணிக்கையை அப்படியே எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. செலவில்லாத, எளிய செயல் என்பதால் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது.

கண்ணால் பார்த்துக் கோணம் சொல்லச் சொன்னால் பெரும்பாலோர் உண்மையைவிட அதிகமாகவே சொல்வார்கள். 20 பாகையை 30 என்பார்கள். பயிற்சியில் இதைச் சோதித்துப் பாருங்கள்: கட்டிலை ஏதோ ஒரு கோணத்தில் வைத்து, ஒவ்வொருவரையும் ஒரு எண்ணைத் தாளில் எழுதச் சொல்லி, பிறகு கட்டிலின் கோணமானியைக் காட்டுங்கள். கோணமானி இல்லாத கட்டில் என்றால் சுவரிலோ கட்டில் சட்டத்திலோ 30 பாகைக்கு ஒரு கோடு வரைந்து ஒட்டலாம்.

கட்டில் 30 காட்டினாலும் நோயாளி கீழே சரிந்து கிடந்தால் உடல் மடிவது இடுப்பில் அல்ல, நெஞ்சின் நடுவில். வயிறு நசுங்கி, நுரையீரல் விரிய இடமில்லாமல் போகும். இடுப்பு, கட்டில் மடியும் இடத்துக்கு நேராக வரும்படி மேலே இழுத்து வைத்து, முதலில் முழங்காலுக்குக் கீழே சற்று உயர்த்தி, அப்புறம்தான் தலைப்பக்கத்தை ஏற்ற வேண்டும். முதுகெலும்பு உறுதியில்லாதவருக்கு உடலை மடிக்காமல் கட்டில் முழுவதையும் தலைப்பக்கம் உயரச் சாய்க்கலாம். ரத்த அழுத்தம் நிற்காத நோயாளிக்கு மருத்துவர் சொல்லும் நிலைதான். அந்த விதிவிலக்கை நோயாளியின் பதிவு ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஷிப்டுக்கு அது மறதியா முடிவா என்று தெரியாது.

வாய் பராமரிப்பில் மாறிப்போன விஷயம்

பழைய பயிற்சித் தாள்களில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கழுவி கட்டாயம் என்று இருக்கும். பல இடங்களில் இன்னும் அப்படியே நடக்கிறது. அமெரிக்கத் தொற்றுத்தடுப்பு வல்லுநர் அமைப்புகள் 2022-இல் புதுப்பித்த பரிந்துரையில் அதைப் பொதுவாக வேண்டாம் என்றே சொல்லிவிட்டன. நிமோனியாவைக் குறைக்கிறது என்பதற்கான ஆதாரம் வலுவாக இல்லை. இறப்பைக் கூட்டலாம் என்ற ஐயமும் எழுந்தது. அதற்குப் பதிலாக முன்னுக்கு வந்தது சாதாரணப் பல் துலக்குதல். பஞ்சால் துடைப்பது அதற்கு ஈடாகாது. பல்லின் மேல் படிந்த கிருமிப் படலம் பிரஷ் உராய்ந்தால்தான் பெயரும்.

நாளைக்கு இரண்டு முறையாவது துலக்க வேண்டும். இருவர் சேர்ந்து செய்வது நல்லது. ஒருவர் டியூபைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் துலக்குவார். முதலில் டியூப் பல்வரிசையில் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 21 முதல் 23-க்குள் இருக்கும். கஃப் அழுத்தம் பார்த்து, வாயை உறிஞ்சிவிட்டு, குழந்தைகளுக்கான சிறிய மென்மையான பிரஷால் பல்லின் உள்பக்கம், வெளிப்பக்கம், ஈறு, நாக்கு எனச் செல்லுங்கள். ஒரு கையில் பிரஷ், மறு கையில் ஓடும் சக்ஷன். வாய்க்குள் தண்ணீரை ஊற்றி அலசவே கூடாது. அது நேரே குட்டையில் போய்ச் சேரும். முடிந்ததும் உதட்டுக்கும் வாய்க்கும் ஈரப்பதம் தரும் களிம்பு, மறுபடி சென்டிமீட்டர் அளவு. டியூப் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் சொல்ல வேண்டும்.

வாயை உறிஞ்சும் முனையைத் தலையணைக்கு அடியில் செருகி வைக்கும் பழக்கத்தை யார் பார்த்தாலும் அங்கேயே திருத்த வேண்டும். அதற்கென்று மூடிய, உலர்ந்த உறை வேண்டும். வாயில் போட்டதை டியூபுக்குள் போடக் கூடாது.

சக்ஷனும் சர்க்யூட்டும்

இரண்டு மணிக்கு ஒருமுறை சக்ஷன் என்று கடிகாரம் பார்த்துச் செய்வது தேவையில்லை. டியூபில் சளி தெரிவது, கரகரப்புச் சத்தம், வென்டிலேட்டர் திரையில் அலைக்கோடு ரம்பப் பல் போல நடுங்குவது, ஆக்சிஜன் இறங்குவது ஆகியவைதான் அழைப்பு. கதீட்டரின் வெளிவிட்டம் டியூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கணக்கு சுலபம்: டியூப் எண்ணை ஒன்றரையால் பெருக்குங்கள். 8 அளவு டியூபுக்கு 12 பிரெஞ்சு (கதீட்டரின் பருமனைச் சொல்லும் அலகு). அதைவிடப் பெரியது போட்டால் காற்றையும் சேர்த்து உறிஞ்சி நுரையீரலைச் சுருக்கிவிடும். முன்பும் பின்பும் அரை நிமிடமாவது 100 சதவீத ஆக்சிஜன். உறிஞ்சும் நேரம் 15 விநாடிக்குள். சளியை இளக்க சலைன் ஊற்றுவது வழக்கமான வேலையாக இருக்கக் கூடாது. சுவரில் ஒட்டிய கிருமிப் படலத்தைக் கழுவிக் கீழே தள்ளவே அது உதவும்.

சர்க்யூட்டை, அதாவது வென்டிலேட்டரையும் டியூபையும் இணைக்கும் குழாய்களைத் தினமும் மாற்றினால் நல்லது என்று தோன்றும். மாற்றத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியும்படி அழுக்கானாலோ பழுதானாலோ மாற்றினால் போதும். அடிக்கடி கழற்றுவதே ஆபத்து. குழாயில் கோர்த்து நிற்கும் தண்ணீர்தான் கவனிக்க வேண்டியது. அதில் கிருமி நிறைந்திருக்கும். நோயாளியின் பக்கம் குழாயைத் தூக்கினால் அவ்வளவும் டியூபுக்குள் போய்விடும். எப்போதும் நோயாளியிடமிருந்து விலகி வடியும்படி பிடித்து வெளியேற்ற வேண்டும். காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரில் கிருமி நீக்கிய (ஸ்டெரைல்) தண்ணீர் மட்டும்.

இதனால் நோயாளியைப் புரட்டும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு: வாயை உறிஞ்சு, கஃப்பைப் பார், சர்க்யூட் தண்ணீரை வடி, பிறகு புரட்டு, பிறகு தலைப்பக்கத்தை ஏற்று, மறுபடி கஃப்பைப் பார். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குக் கட்டிலருகே பழக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் கை சுத்தம்: ஆல்கஹால் தேய்ப்பு என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையுறை போட்டிருந்தாலும் இது மாறாது.

மிகச் சிறந்த தடுப்பு: டியூபை எடுப்பது

மேலே சொன்னதெல்லாம் டியூப் இருக்கும்வரை. டியூபே இல்லாவிட்டால் விஏபி இல்லை. முடிந்தவர்களுக்கு முகமூடி வழி வென்டிலேஷனோ, மூக்கு வழி அதிவேக ஆக்சிஜனோ கொடுத்து டியூப் போடாமலே சமாளிப்பது முதல் படி. போட்டுவிட்டால், தினமும் "இன்று எடுக்கலாமா?" என்ற கேள்வி.

இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் தேவைக்கு மேல் ஓடும் தூக்க மருந்து. தினமும் காலையில் தூக்க மருந்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். வலிப்பு, மண்டைக்குள் அழுத்தம், தசை முடக்கும் மருந்து, இதயத்தில் ரத்த ஓட்டக் குறைவு, மதுவை நிறுத்தியதால் வந்த நடுக்கம் போன்றவை இருந்தால் மட்டும் விலக்கு. நோயாளி கண்விழித்துச் சொன்னதைச் செய்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் வென்டிலேட்டர் தரும் அழுத்த உதவியை 5 முதல் 8 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குக் குறைத்து 30 நிமிடம் தானே மூச்சுவிட விடலாம். மூச்சு நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டி நிற்பது, ரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது, நாடி 140-ஐத் தாண்டுவது, வியர்த்துப் பதறுவது என்றால் நிறுத்திப் பழைய நிலைக்குப் போகலாம், நாளை மறுபடி.

நோயாளி விழித்து டியூபைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் இரவு ஷிப்ட் செவிலியருக்கு நியாயமாகவே இருக்கும். அதைத் தட்டிக்கழிக்காமல் பேச வேண்டும். 2008-இல் வெளியான பெரிய ஆய்வில் இப்படித் தினமும் எழுப்பியவர்களில் தாமாகவே டியூபை இழுத்தவர்கள் அதிகம்தான். ஆனால் திரும்ப டியூப் போட வேண்டிவந்தவர்கள் அதிகமில்லை. அதாவது பலருக்கு அந்த டியூப் ஏற்கெனவே தேவைப்படவில்லை.

யாருக்கு, எப்படிக் கற்றுத்தருவது?

செவிலியருக்கும் மருத்துவருக்கும் வகுப்பு நடத்திவிட்டு முடித்துக்கொள்வதுதான் வழக்கமான குறை. எக்ஸ்ரே எடுக்க வரும் டெக்னீஷியன் கட்டிலை மட்டமாக்கிவிட்டு அப்படியே போய்விடலாம். விரிப்பு மாற்ற உதவும் பணியாளர் சர்க்யூட்டை நோயாளியின் நெஞ்சின் மேல் தூக்கிப் போடலாம். பிசியோதெரபிஸ்ட், உணவு ஆலோசகர், துப்புரவுப் பணியாளர் என்று கட்டிலைத் தொடும் எல்லோருக்கும் அவரவர் வேலைக்கேற்ற பகுதியைச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு ஒரே வாக்கியம் போதும்: எடுத்து முடித்ததும் 30-க்கு ஏற்றிவிட்டுப் போங்கள்.

பயிற்சி மட்டுமே எண்ணிக்கையைக் குறைக்குமா? குறைக்கும். செயின்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ்-ஜூயிஷ் மருத்துவமனையில் 10 பக்கச் சுயபாடம், முன்னும் பின்னும் ஒரே தேர்வு, ஷிப்ட் கூட்டங்களில் விளக்கம், சுவரொட்டிகள் ஆகியவற்றால் 1000 வென்டிலேட்டர் நாட்களுக்கு 12.6 ஆக இருந்த விஏபி 5.7 ஆக இறங்கியது என்று 2002-இல் வெளியிட்டார்கள். ஆடம்பரமான கருவி எதுவும் அதில் இல்லை.

வகுப்பு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கட்டிலருகிலோ பக்கத்து அறையிலோ, இரவு ஷிப்டுக்கும் சேர்த்து. கேட்டதை அவர்களே கையால் செய்துகாட்ட வேண்டும்: மானியை இணைத்து 25-இல் வைத்துக் கழற்றுவது, பொம்மையில் பல் துலக்குவது, புரட்டும் வரிசை. பிழையில்லாமல் செய்துகாட்டிய பிறகே புதியவர் தனியாக நோயாளியைப் பார்க்கலாம். சில மாதங்களில் பழக்கம் தேயும் என்பதால் குறைந்தது ஆண்டுக்கு இருமுறை மறுபடி.

பின்பற்றுகிறார்களா என்பதை டிக் அடித்த தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முன்னறிவிப்பின்றிப் போய்க் கோணத்தையும் கஃப்பையும் அளந்து பாருங்கள். கணக்கும் ஒட்டுமொத்தமாக வேண்டும்: ஐந்து வேலைகள் ஒவ்வொன்றும் 90 சதவீதம் நடக்கிறது என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஐந்தும் சேர்ந்து கிடைத்த நோயாளிகள் சுமார் 59 சதவீதமாகவே இருக்கக்கூடும். மீதிப் பேருக்கு எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது.

விஏபி விகிதம் என்பது நிமோனியா வந்தவர்களின் எண்ணிக்கையை வென்டிலேட்டர் நாட்களால் வகுத்து 1000-ஆல் பெருக்குவது. தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வென்டிலேட்டரில் என்று எண்ணிக் கூட்டினால் வென்டிலேட்டர் நாட்கள். தினம் 6 பேர் என்றால் 30 நாள் மாதத்துக்கு 180. அந்த மாதம் ஒருவருக்கு வந்தால் விகிதம் 5.6, யாருக்கும் வராவிட்டால் 0. சிறிய ஐசியூவில் இப்படித் தாவும் எண்ணைப் பார்த்து ஒரு மாதம் பாராட்டுவதும் அடுத்த மாதம் திட்டுவதும் அர்த்தமில்லாதது. மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒருவருக்கு விஏபி உறுதியானால், ஓரிரு நாளுக்குள் அந்தக் கட்டிலைக் கவனித்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முந்தைய நாட்களின் ஷீட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். கஃப் அளவு எந்த ஷிப்டில் விடுபட்டது, தூக்க மருந்து எந்தக் காலையில் நிறுத்தப்படவில்லை, ஸ்கேனுக்குப் போய்வந்த பின் தலைப்பக்கம் எத்தனை மணிக்கு ஏறியது என்று மட்டும் கேளுங்கள். யார் என்று கேட்காதீர்கள். யார் என்று கேட்கத் தொடங்கினால் அடுத்த வாரம் ஷீட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், கஃப்பில் காற்று இருக்காது.